வாளி டிராக்டரும் ஒரு வலது கையும்

நான் நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சொன்னவர் என்னோடு ராயப்பேட்டை ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கவில்லை, அவ்வளவுதான். அங்கே நான் ஃபோர்மனாக இருந்த காலத்தில் ஒரு ஃபிட்டரின் வலது கை போயிற்று. அது எப்படிப் போயிற்று என்று முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மனைவியிடம்கூட முக்கால்வாசிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். மனசு லேசாகும் என்பதற்காக எழுதவில்லை. இந்த வயதில் அது லேசானால் என்ன, கனமாகவே கிடந்தால் என்ன.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அடையாற்றில் ஆற்றோரத்துப் பள்ளங்களை மேடாக்கி மனை போட்டுக்கொண்டிருந்த கான்டிராக்டர் ஒருவர் அந்த ஏலத்தில் ஒரு டிராக்டர் எடுத்தார். முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள். அவற்றின் நுனியில் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம் போன்ற பெரிய வாளி. மண்ணை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, லாரியில் கொட்டும். அது வந்த அன்று பக்கத்துக் குப்பத்து ஜனம் முழுவதும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. மண் சுமக்கிற கூலிக்காரர்கள் மட்டும் பார்க்கவில்லை. இனி தங்களுக்கு அங்கே வேலை இருக்காது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அந்த வாளியைத் தூக்குவது எண்ணெய். பம்பு எண்ணெயை அழுத்தி, இரண்டு பக்கமும் உள்ள சிலிண்டர்களுக்குள் தள்ளும். சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே நகரும். பிஸ்டனோடு சேர்ந்த தண்டு வாளியைத் தூக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காற்றுக்குப் பதில் எண்ணெய்.

வந்த பத்தாம் நாளே கோளாறு. தூக்கிய வாளி தூக்கிய இடத்தில் நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கியது. டிரைவர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள், ஒரு கூலிப் பெண்ணின் கஞ்சிக் கலயத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கலயம் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அடுத்த தடவை அடியில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று கான்டிராக்டருக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் முதலாளிக்கு ஆள் அனுப்பினார். முதலாளி என்னையும் ஃபிட்டரையும் அனுப்பினார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். யுத்தகாலத்தில் ஒரு மோட்டார் டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தவன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதற்காகவே முதலாளி என்னை ஃபோர்மனாக்கினார். ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

ஃபிட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அதே அடையாற்றங்கரைக் குப்பத்துக்காரன். எழுதப் படிக்கத் தெரியாது, ரேகைதான் வைப்பான். ஆனால் பேரிங்கு தேய்ந்திருக்கிறதா, நட்டு இன்னும் கால் சுற்று போகுமா என்பதையெல்லாம் வலது கையால் தொட்டே சொல்லிவிடுவான். கார்க்காரர்கள் வந்தால் என்னைத் தாண்டி நேரே அவனிடம் போவார்கள். "அவன் இல்லையா? அப்போ நாளைக்கு வரேன்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. எனக்கு வயிறு எரியும்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வாய்க்கொழுப்பு. நான் எதையாவது பார்த்து யோசித்துக்கொண்டு நின்றால் போதும், "இன்னா அய்யரே, இந்த போல்ட்டு எந்தப் பக்கம் சுத்தணும்னு புக்குல போட்டுக்கீதா?" என்று பட்டறை முழுவதும் கேட்கிற மாதிரிக் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். இவன் ஒரு நாள் என் காலில் விழுந்து கேட்க வேண்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அந்த இயந்திரத்தின் இங்கிலீஷ் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். அதைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், சட்டைக்குள் செருகி மயிலாப்பூரில் என் வீட்டுக்குக் கொண்டுபோனதுதான். படிப்பதற்காக மட்டும் கொண்டுபோகவில்லை. படத்தைப் பார்த்தால் அவனுக்கு எழுத்தே வேண்டாம், அரை மணியில் எல்லாம் புரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவன் பார்க்கக் கூடாது.

"ஆத்துக்கு வந்தும் எண்ணெய் நாத்தத்தோட அந்தப் புஸ்தகத்தையே கட்டிண்டு உக்காந்திருக்கேளே, அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தன் கொட்டத்தை அடக்கற மந்திரம் இருக்கு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் அடையாற்றில் சிலிண்டர்களைப் பார்த்தோம். தண்டு வெளியே வருகிற வாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் அதைப் பார்த்ததும், "தோ, இங்கதான் கீது நோவு" என்றான். வாயை மூடியிருந்த பெரிய நட்டைக் கழற்றினான். நைந்துபோன பழைய பேக்கிங் கயிற்றைக் கிளறி எடுத்தான். கொழுப்பில் தோய்த்த கயிற்றைச் சுற்றிச் சுற்றி அடைத்து நட்டை இறுக்கினான். நறுவிசான வேலை. சொட்டு நின்றது.

எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக், ஜாக்கி, பம்பு எதுவானாலும், எண்ணெய் ஒழுகிய இடத்தை ரிப்பேர் செய்தால், ஃபிட்டர் அந்த இடத்தை வெறுங்கையால் தடவி உள்ளங்கையை ஃபோர்மனிடம் விரித்துக் காட்ட வேண்டும். கை காய்ந்திருந்தால் வண்டி வெளியே போகலாம். பிசுபிசுத்தால் மறுபடியும் பிரிக்க வேண்டும். 'கை காட்டுறது' என்று பெயர். துணியால் துடைத்துக் காட்டினால் செல்லாது. துணி எண்ணெயைக் குடித்துவிடும் என்பார் முதலாளி. துணியைத் தேடுகிறவனை மற்றவர்கள் பொம்பளை என்று கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

அவன் தடவிக் கை காட்டினான். காய்ந்திருந்தது. "இன்னா அய்யரே, வண்டி போலாமா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வெளியே சொட்டுகிற எண்ணெய்க்கும் வாளி இறங்குவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று அதற்கு முன்னமே நான் படித்துவிட்டேன். சொல்லவில்லை. வாளியைத் தூக்கச் சொன்னேன். பளபளக்கிற தண்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். கான்டிராக்டர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கோடு சிலிண்டருக்குள் போய் மறைந்துவிட்டது.

"ஒரு சொட்டு வெளியே இல்லை. அப்புறம் எப்படி இறங்கறது?" என்று கேட்டேன்.

அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை. சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். தொட்டுப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். அந்த முற்பகல் முழுவதும் அவனை அப்படியே வெயிலில் சுற்றவிட்டு, நான் ஒரு லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை சந்தோஷமாக ஒரு முற்பகல் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பிறகு எழுந்துபோய்ப் பரீட்சை செய்து காட்டினேன். வாளியை முழு உயரத்துக்குத் தூக்கி, அடியில் தேக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தோம். எண்ணெய் அப்போது பிஸ்டனுக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே வரக் கூடாது. சிலிண்டரின் மேல்முனையில் உள்ள குழாயைக் கழற்றிவிட்டு, டிரைவரைக் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கச் சொன்னால், அங்கே எண்ணெய் வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற தோல் போய்விட்டது, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது என்று அர்த்தம். வெளியே பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது.

ஒரு தகர டப்பாவை அவனிடம் கொடுத்து, "ஏந்து" என்றேன். "ரெண்டு கையாலயும் ஏந்து."

சூடான எண்ணெய் கொடகொடவென்று வந்து தகரத்தில் விழுந்தது. அவன் முழங்கை, மார்பு எல்லாம் தெறித்தது.

"இப்போ சொல்லு. எங்கேர்ந்து வரது?"

"உள்ளார தோலு பூட்ச்சு" என்றான். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டுவிட்டான்.

"கான்டிராக்டருக்குக் கேக்கலை. உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னான். தகரத்தைக் கீழே வைக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

சிலிண்டரைப் பிரித்தோம். பிஸ்டனில் இருந்த தோல் கிண்ணம் விளிம்பெல்லாம் வெடித்து, பொரித்த அப்பளம் மாதிரி கையோடு உடைந்து வந்தது. சீமையிலிருந்து புதிது வர மாசக்கணக்காகும். ராயப்பேட்டையில் செருப்புத் தோல், சேணம் எல்லாம் வேலை செய்கிற பாய் ஒருவர் இருந்தார். கிணற்றுப் பம்புக்கெல்லாம் அவர்தான் தோல் வெட்டிக் கொடுப்பவர். ஃபிட்டரும் அவரும் நெடுநாள் சிநேகிதர்கள். பாய் நல்ல எருமைத் தோலாகப் பார்த்து வட்டமாக வெட்டி, உருக்கிய கொழுப்பில் ஊறவைத்து, மரஅச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்கினார். இரண்டு நாள் ஆயிற்று. நான் கடைக்குள் போகாமல் தெருவிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க சாமி, தோலு கடிக்காது" என்றார் பாய். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதையும் நான் மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தோல் கிண்ணத்தின் வாய் எண்ணெய் அழுத்துகிற பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே சரியாகப் பொருத்தினான். வாளியைத் தூக்கிக் கோடு போட்டோம். ஒரு மணி நேரம் கழித்தும் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

கான்டிராக்டர் அவன் தோளைத் தட்டினார். பரீட்சை செய்து கோளாறைக் கண்டுபிடித்தது நான். தட்டியது அவன் தோளை. "ஃபோர்மன் எப்பவும் நிழல்லயே கீறாரே, எண்ணெயில கை வைக்க மாட்டாரா?" என்று அவனிடம் கேட்டார்.

"அது சாமிக்குப் பூ போடுற கையி, மொதலாளி. அத்தப் போயி எண்ணெயில வுடலாமா?" என்றான் அவன். கான்டிராக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொறாமை. வேறு பெயர் கொடுத்து அதைக் கௌரவப்படுத்த வேண்டாம். அடுத்து நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

வாளி நின்றுவிட்டதே தவிர, ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பானெட்டின் மேல் பொடிப்பொடியாக எண்ணெய் படிந்தது. பன்னீர் தெளித்த மாதிரி. எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கும் சொட்டவில்லை. எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அழுத்தத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத கம்பியாகப் பீறிடும். ஒரு படத்தில் குழாய்மேல் வைத்த கை. அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. பக்கத்துப் படத்தில் ஒரு நீள அட்டையைப் பிடித்து ஓட்டையைத் தேடுகிற ஆள். கையை வைக்காதே, எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போ, தாமதித்தால் கையை இழப்பாய் என்று போட்டிருந்தது.

இதை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். வெள்ளைக்காரன் எல்லாவற்றுக்கும் பயப்படுவான், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். சுளீரென்று ஒன்று அவனுக்கு விழட்டும், கான்டிராக்டர் எதிரே துள்ளிக் குதிக்கட்டும் என்று ஆசைப்பட்டது மட்டும் நிச்சயம்.

"குழாயைத் தடவிக் கை காட்டு" என்றேன்.

"ஓடிக்கினு கீறப்பவா?" என்று கேட்டான். வழக்கமாக நிறுத்திவிட்டுத்தான் தடவுவோம்.

"நிறுத்தினா எண்ணெய் எப்படி வரும்?"

யோசித்தான். அவன் கை எப்போதும் அவனைவிடப் புத்திசாலி. அதற்கு ஏதோ பிடிக்கவில்லை போலிருக்கிறது. "ஒரு துணி குடு அய்யரே, சுத்திக்கினு பாக்கறேன்" என்றான்.

"துணியா? புடவையே கொண்டுவரச் சொல்லட்டுமா?"

கான்டிராக்டர் சிரித்தார். டிரைவரும் சிரித்தான். அவன் வலது கையை விரித்துக் குழாயின்மேல் வைத்து, கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போனான். குழாயைப் பிடித்திருந்த பட்டைக்குப் பக்கத்தில் போனதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"ஸ்ஸ்... இன்னா இது, ஊசி குத்துன மாறி?"

ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினான். "கொசு கடிச்சதுக்கு இந்தக் கூச்சலா?" என்றேன். அவனும் சிரித்துவிட்டு, இஞ்சினை நிறுத்தச் சொல்லி, குழாயைக் கழற்றினான். பட்டை உராய்ந்து உராய்ந்து இரும்பு தேய்ந்து, ஓட்டை விழுந்திருந்தது. அன்று பிற்பகலே பட்டறையில் பித்தளை ஊற்றி அடைத்துக் கொண்டுவந்து மாட்டினான். அதற்கப்புறம் அந்த டிராக்டரில் எண்ணெய் கசியவேயில்லை.

மறுநாள் அவன் கை வீங்கியிருந்தது. விரலை மடக்க முடியவில்லை. இடது கையால் ஸ்பானரைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தான். நாடகம் போடுகிறான் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அவர்கள் அவனை, கொசு கடித்த மாப்பிள்ளை என்று நாள் முழுவதும் கேலி செய்தார்கள். அடுத்த நாள் கை மணிக்கட்டுவரை உப்பி, புள்ளியைச் சுற்றி வெளுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. அவனே என்னிடம் வந்தான். பட்டறையில் யாருக்கும் கேட்காத மாதிரி, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தணிந்த குரலில் பேசினான்.

"அய்யரே, ராவெல்லாம் தூங்கல. உள்ளார நெருப்பு வச்சமாறி கீது. அந்தப் புக்குல இதப்பத்தி எதுனா போட்டுக்கீதா?"

அவன் என்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டுவிட்டான். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான். அது முதலாளி காதுக்குப் போகும்.

"ஒண்ணும் போடலை. எண்ணெய்ச் சூட்டுக் கொப்புளம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடு, வடிஞ்சுடும்" என்றேன்.

நம்பினான். படித்தவன் சொல்கிறேன், ஏன் நம்ப மாட்டான்? அவன் பெண்டாட்டி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளும் நான் மயிலாப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். சுரைக்காய்க் கூட்டு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

பாய்தான் அவனைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனார். கையைப் பார்த்ததும் ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது வராந்தாவில் நின்றிருந்தார். "கையி கறுத்துப்போச்சு சாமி. படிச்ச மனுஷன் நீங்க, தினமும் பாத்துக்கினு இருந்தீங்களே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது வெட்கம் என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் பயம்.

டாக்டர் என்ன உள்ளே போயிற்று என்று கேட்டார். இயந்திர எண்ணெய் என்றேன். "முதல் நாளே வந்திருந்தால் கீறி, கழுவி எடுத்திருக்கலாம். உங்களில் யாருக்கும் இது தெரியாதா?" என்றார்.

"யாருக்கும் தெரியாது சார். புது மிஷின்" என்றேன்.

கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தாலும் கையோடு சாகிறேன் என்று கத்தினான். பெண்டாட்டி காலைப் பிடித்து அழுதாள். பாய் எவ்வளவோ சொன்னார். யார் சொல்லையும் கேட்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினான். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது.

"நீங்க சொல்லுங்க அய்யரே. நீங்க படிச்சவரு. வெட்டணுமா?"

அதுவரை அவன் என்னை 'நீங்க' என்று சொன்னதேயில்லை.

"வெட்டிக்கோ" என்றேன்.

சரி என்றான். இடது கைக் கட்டைவிரலை நீட்டினான். நானே மையைத் தடவி, காகிதத்தில் வைத்து அழுத்தினேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே கட்டுப்போட்ட மொட்டைக் கை கிடந்தது. "எங்க போட்டாங்க அத்த?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. "என் கைய. எங்க சனத்துல ஒடம்புல ஒண்ணு போனாலும் மண்ணுல வைக்கணும். நாயி கீயி இழுத்துக்கினு போயிருக்குமோன்னு அதே நெனப்பாக் கீது."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. வார்டைத் தாண்டி, வாசல்வரை போய், ஒரு பீடிக்கடை எதிரே சற்று நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வந்தேன். "நானே வாங்கிண்டு போய் உங்க ஊர் ஆத்தங்கரையிலேயே புதைச்சுட்டேன். மனைக் கடைசியில ஈச்சம்புதர் இருக்கே, அதுக்குப் பக்கத்துல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவனைத் தேற்றத்தான். அவன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவன்மேல் இல்லை.

வீட்டில் மனைவி, "பாவம், அவனுக்கு ஏதாவது செய்யுங்கோளேன். உங்ககிட்ட வேலை பார்த்தவன்தானே" என்றாள். கான்டிராக்டரிடம் சொல்லி அந்த மனைகளுக்கே அவனைக் காவல்காரனாகப் போட்டேன். அவன் போகிற வருகிறவரிடமெல்லாம் என் பெருமை பேசினானாம். அய்யரு இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன், கையைக்கூட அவரே புதைத்தார் என்று. குப்பத்துப் பெண்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஈச்சம்புதருக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை நட்டு, அமாவாசைக்குச் சூடம் கொளுத்தி வைத்தான். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். அந்தக் கடைசி மனையும் விலைபோயிற்று. புதரை எடுத்துவிட்டு மண்ணடித்துச் சமப்படுத்த வேண்டும். அதே டிராக்டர் போயிற்று. காவல்காரன் குறுக்கே நின்றுகொண்டு வண்டியை விடமாட்டேன் என்கிறான், உங்கள் பேச்சைத்தான் கேட்பான், வந்து நகர்த்துங்கள் என்று கான்டிராக்டர் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். போகாமல் இருக்க முடியவில்லை.

காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் செங்கல்லுக்கு முன்னால் வாளிக்கு நேரே நின்றிருந்தான். சட்டையின் வலது கை கீழே முடிச்சுப் போட்டிருந்தது. டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"மனை வித்தாச்சு. நகரு" என்றேன்.

"என் கையி கீதே அய்யரே, இங்க?" என்றான். சத்தம் போடவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

அங்கே எதுவும் இல்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னால் போதும். அவன் மனசாவது ஆறும், மிஷின் தன் கைமேல் ஏறுகிறது என்ற எண்ணமாவது இருக்காது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் அதற்கு முந்தினதையும், அதற்கும் முந்தினதையும் கேட்பானே என்று தோன்றியது. டிரைவர் பக்கம் திரும்பி, எடு என்று கையை அசைத்தேன்.

அவன் ஒதுங்கிக்கொண்டான். வாளி இறங்கி, புதரையும் செங்கல்லையும் மண்ணையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு உயர்ந்தது. மேலே போனதும் அசையாமல் நின்றது. அவன் போட்ட தோல் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. டிரைவருக்குக் கேட்காத தூரத்தில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்க ஒண்ணும் இல்ல அய்யரே. ஆஸ்பத்திரியில வார்டு ஆளு அன்னிக்கே சொல்லிட்டான். எல்லாத்தியும் சேத்துக் கொளுத்திடுவாங்களாம். எனுக்கு மொதல்லியே தெரியும்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா செங்கல் நட்டே? தெரிஞ்சுமா குறுக்கே நின்னே?"

"ஒரு வாட்டியாவது நெசத்த சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றான்.

புத்தகத்தைப் பற்றியும் அவனுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அவன் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. டிராக்டருக்குப் பின்பக்கமாகப் போய், லாரி நிற்கிற இடத்துக்கு வழி காட்டுவதற்காக, "வா, வா, இன்னும் வா" என்று டிரைவருக்கு இடது கையை ஆட்ட ஆரம்பித்தான்.